ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவள்: ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நான்கு நாள் குறைந்த ஒரு நிகழ்வு

பின்னணி

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய ஓர் ஊரில் இருக்கிறது எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். நான் அங்கே தலைமையாசிரியர். 2023-ல் என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள் இருந்தோம். பிள்ளைகளில் பெரும்பாலோர் காபித் தோட்டத்துக் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள். குடும்பம் யாருடையது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஊர், தோட்டம், பள்ளிப் பெயர்களை விட்டுவிட்டேன். தேதிகளை மாற்றவில்லை, ஏனென்றால் விஷயமே தேதிதான்.

குடும்பத்தில் நான்கு பேர். அப்பா மிளகு பறிக்க மரம் ஏறுபவர். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடிக்கு மூங்கில் ஏணி சார்த்தி ஏறும் வேலை. அம்மா காபித் தோட்டத்தில் நாள்கூலி. தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளிகளுக்கான வரிசை வீட்டில், குடியிருப்பு. மூத்த பெண் எங்கள் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தாள். இளையவள்தான் இந்த ஆய்வுக்குரியவள். லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், தோட்டத்துக்குள்ளேயே போகும் பாதை. நடுவில் ஓர் ஓடை உண்டு, சில நாள் காலையில் காட்டுமாடு நிற்கும். அங்கன்வாடி, ஊரில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள், பள்ளிக்கு எதிர்த்திசையில் லைன் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. இந்த எதிர்த்திசையை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஏப்ரல் 2023: சேர்க்கைக்கு வீடு வீடாக

ஏப்ரல் கடைசி வாரத்தில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவோம். மலையில் இது ஒருநாள் பேரணியோடு முடிகிற வேலை இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கு அந்த லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்தபடியே அம்மாவிடம் கேட்டேன்.

"சின்னவ எப்பம்மா பொறந்தா?"

"ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சார். சனிக்கிழமை. ஏற்காட்டு ஆஸ்பத்திரியிலதான்."

டிரங்குப் பெட்டியிலிருந்து பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக் காட்டினார். 4.8.2018. அவர் நினைவும் தாளும் ஒன்றாகவே இருந்தன. அந்த ஆண்டு ஆடி 18 ஆகஸ்ட் 3-ல், வெள்ளிக்கிழமை வந்தது.

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூலை 31-ல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். 2023 ஜூலை 31-ல் இவளுக்கு ஐந்து முடிய நான்கு நாள் பாக்கி.

பக்கத்தில் இருந்த அம்மாயி, மகளைப் பார்க்கக் கீழே சமவெளியிலிருந்து வந்திருந்தவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "என்ன சார் தேதி, இங்க வா கண்ணு" என்று பேத்தியை இழுத்தார். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி காதின் மேல்மடலை எட்டியும் எட்டாமலும் நின்றது. குழந்தை தலையைக் கொஞ்சம் சாய்த்தது, தொட்டுவிட்டது. "தொட்டுட்டா, சேத்துக்குங்க" என்றார் அம்மாயி. எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் தலைமுறையை இப்படித்தான் சேர்த்தார்கள். என்னையும் அப்படித்தான். காது எட்டியதும் வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். நான் பிறந்தது புரட்டாசியில். சான்றிதழில் எனக்கு மூன்றரை மாதம் வயது கூடுதல், ஓய்வும் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் வயதுக்காரர்களில் ஜூன் மாதத்தில் 'பிறந்தவர்கள்' எவ்வளவு பேர் என்று எந்த அலுவலகப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியும். காதைத் தொடும் சோதனை கை நீளத்தைத்தான் அளக்கிறது, புத்தியை இல்லை. ஊட்டம் குறைந்த பிள்ளை அதில் தோற்கும். ஆனாலும் அதில் ஒன்று இருந்தது: எதிரே நிற்கிற பிள்ளையைப் பார்த்தார்கள். நான் தாளைத்தான் பார்த்தேன்.

ஒரே பிள்ளைக்கு மூன்று கோடு

அம்மாவின் தம்பி சேலத்தில் வேன் ஓட்டுகிறார். அவர் போனில் ஒரு குழப்பத்தைக் கிளப்பிவிட்டார்: "சென்ட்ரல் ஸ்கூல்ல ஆறு வயசுங்கறாங்க, நீங்க அஞ்சுங்கறீங்க, எது சார் சரி?" இரண்டும் சரிதான். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

மாநிலக் கணக்கில் ஜூலை 31-ல் ஐந்து முடிந்தால் போதும். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ப்பதற்கும் இதே ஜூலை 31 தான் கோடு, அங்கே மூன்று வயது. இரண்டாவது கோடு அவர் சொன்ன சென்ட்ரல் ஸ்கூல், அதாவது கேந்திரிய வித்யாலயா. அங்கே 2022–23 முதல் மார்ச் 31-ல் ஆறு முடிந்திருக்க வேண்டும். அதை எதிர்த்துப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். டெல்லி உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை, 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் தள்ளிவிட்டது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு என்கிறது, மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு அப்படியே கடிதமும் எழுதியது. மூன்றாவது கோடு சட்டத்தில் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தில் 'குழந்தை' என்றாலே ஆறு முதல் பதினான்கு வயது.

இப்போது இந்தச் சின்னப் பெண்ணை மூன்றிலும் நிறுத்திப் பாருங்கள். எங்கள் பள்ளிக் கணக்கில் 2023 ஜூனில் நான்கு நாள் குறைவு. கேந்திரிய வித்யாலயாக் கணக்கில் 2024-ல்கூட முடியாது, 2025-ல்தான் சேரலாம், அப்போது அவளுக்கு ஆறே முக்கால் வயது நெருங்கும். சட்டத்தின் கணக்கில் 2024 ஆகஸ்ட் வரை அவளுக்குப் பள்ளி என்ற உரிமையே தொடங்கவில்லை. அதாவது 2023-ல் நாங்கள் அவளைத் திருப்பி அனுப்பினால் சட்டப்படி யாரும் எதையும் பறிக்கவில்லை. இந்த நினைப்பு எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. அது ஆறுதலாக இருந்ததே ஒரு கோளாறுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கும் ஒரு தேவை இருந்தது

இதை மறைத்துவிட்டு இந்த ஆய்வை எழுதினால் அது பாதிதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கும். அந்த ஆண்டு இரண்டு முதல் ஐந்து வரை 49 பேர், ஒன்றாம் வகுப்பில் புதிதாக 11 பேர். மொத்தம் 60.

இவள் வந்தால் 61.

ஜூலை 31 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், ஆகஸ்ட் 1 என்ற கணக்குக்கு இந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் பணியிடம். மூன்று பேர் ஐந்து வகுப்பைப் பார்ப்பதற்கும் இரண்டு பேர் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ கீழே இறங்கினால் மற்றவர் தனி ஆள். இன்னொரு பிள்ளை கிடைக்குமா என்று பக்கத்துத் தோட்டங்களிலும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

யோசித்த வழிகள், எடுத்த முடிவு

முதல் வழியைச் சொன்னது குழந்தையின் அப்பா. டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அபிடவிட் போட்டு ஜூலை 28 என்று மாற்றிவிடலாம், செலவு இவ்வளவு ஆகும் என்று. வேண்டாம் என்றேன். பிறப்பு, மருத்துவமனையில் நடந்து 21 நாளுக்குள் பதிவானது. 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் திருத்தத்துக்கு இடம் உண்டு, ஆனால் அது பதிவில் பிழை இருந்தால் மட்டும். இங்கே பிழை இல்லை, பிழையை நாம்தான் உண்டாக்க வேண்டும். மருத்துவமனை ஏடு, தடுப்பூசி அட்டை, பால்வாடிப் பதிவேடு எல்லாவற்றிலும் ஆகஸ்ட் 4 என்று இருக்கும்போது ஒரு தாளில் மட்டும் ஜூலை 28 என்றால் என்றைக்காவது அந்தப் பெண்தான் அலைய வேண்டும். என் சொந்தப் புரட்டாசி–ஜூன் கதையையும் அவருக்குச் சொன்னேன். சட்டத்தை விட அது அவருக்கு எட்டியது என்று நினைக்கிறேன்.

வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே, சான்றிதழையே காட்டாமல் விட்டால் என்ன என்று உடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் கேட்டார். அந்த விதி சான்று இல்லாத பிள்ளைக்காக எழுதியது. பெட்டிக்குள் சான்று இருக்கிற பிள்ளைக்கு இல்லை. அவர் கேட்டதில் தப்பில்லை, போகவிருந்தது அவருடைய பணியிடம்தான்.

அடுத்தது வட்டாரக் கல்வி அலுவலகம். வாய்மொழியாகக் கேட்டேன். ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். எழுத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், பதில் அதேதான் வந்திருக்கும் என்றாலும்.

இன்னொரு வழியை அம்மா சொன்னார். "பேரு வேண்டாம் சார், சும்மா உக்காரட்டும். அக்கா கூட வரட்டும், போகட்டும்."

மலைப் பள்ளிகளில் இது புதிது இல்லை. தம்பி தங்கைகள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போவது எப்போதும் உண்டு. 2023-ல் வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போய்த் தொடக்க வகுப்புகள் ஜூன் 14-ல் தொடங்கின. அன்றிலிருந்து பத்து நாள் அவளை உட்கார வைத்தேன். அப்புறம் நிறுத்தினேன். காரணங்கள் அப்போது எனக்குத் தெளிவாகவே இருந்தன. சத்துணவு பதிவேட்டில் உள்ள தலைக்குத்தான், பெயரில்லாத பிள்ளைக்கு யாருடைய பங்கிலிருந்து போடுவது? பாதையில் ஏதாவது ஆனால் அவள் எங்கள் பொறுப்பா, இல்லையா? முக்கியமாக, பால்வாடி டீச்சர் வந்து, "அங்க சேத்தாச்சுன்னு நெனச்சு இங்க அனுப்பறதையே நிறுத்திட்டாங்க சார்" என்றார். அங்கே அவளுக்கு உணவும் உண்டு, முட்டையும் உண்டு, எடை பார்ப்பதும் உண்டு. இங்கே ஒன்றும் இல்லை.

சரி, முடிவு இதுதான்: 2023–24 முழுக்கப் பால்வாடி. 2024 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மறந்துவிடக் கூடாதென்று அம்மாவிடம் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். பணியிடத்துக்காக ஒரு தேதியை வளைக்கவில்லை என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஆண்டு கவனித்தது: அக்காவின் பெயருக்கு நேரே

ஜூலையிலிருந்து நான்காம் வகுப்பில் ஒரு பெண் தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். ஒன்பதரை, ஒன்பதே முக்கால். சில நாள் பத்தும் ஆகும். இதற்கு முன் அப்படி வந்ததில்லை. நான் இரண்டு முறை கண்டித்தேன். ஒரு முறை வாசலிலேயே நிற்க வைத்தேன். அவள் பதில் பேசவில்லை.

2023 ஆகஸ்ட் 25-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. மணி அடிப்பதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும். சமையல் செய்யும் மகளிர் குழு அம்மா ஒருவர் நான்காவது நாள் என்னிடம் சொன்னார்: "அந்த லைன் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் தெனமும் மீந்து போகுது சார். அது வரும்போது பாத்திரம் கழுவிடறோம்."

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். விஷயம் இவ்வளவுதான். அப்பா அம்மா ஏழரைக்கெல்லாம் தோட்டத்தில் பேர் கொடுக்க வேண்டும், தாமதமானால் மேஸ்திரி அரைநாள் கூலியைக் கழிப்பார். பால்வாடி திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. அதுவரை தங்கையோடு வாசலில் காத்திருந்து, டீச்சர் கையில் ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசையில் இரண்டு கிலோமீட்டர் தனியாக நடந்து வருகிறாள் இந்த எட்டு வயதுப் பெண். காட்டுமாடு நிற்கிற பாதையில். பசியோடு.

அம்மா ஏப்ரலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். "சும்மா உக்காரட்டும். அக்கா கூட வரட்டும், போகட்டும்" என்பதில் இரண்டாவது பாதியைத்தான் அவர் கேட்டார், முதல் பாதிக்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவள் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுத வேண்டும் என்று அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் காலையில் ஒரே திசையில் போக வேண்டும், அவ்வளவுதான். நான் விதி, சான்று, தலைக்கணக்கு, என் மனசாட்சி என்று எல்லாவற்றையும் யோசித்தேன். 'ஏன் இந்த வருஷமே சேக்கணும்ங்கறீங்க?' என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. சட்டப்படி யாருக்கும் ஒன்றும் குறையவில்லை என்ற ஆறுதல்தான் கேட்கவிடாமல் செய்தது.

செப்டம்பரில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்தேன். கூட்டத்தில் தீர்வு வரவில்லை, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வந்தது. பால்வாடி ஆயாம்மாவின் வீடு லைன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. காலை ஏழரைக்குச் சின்னவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகவும், திறக்கும் நேரத்தில் கூட்டிப்போவதாகவும் அவரே சொன்னார். காசு வாங்கவில்லை. அம்மா அவ்வப்போது கீரையோ கொய்யாவோ கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த நாளே மூத்தவள் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள், ரவா கிச்சடி. நான் அவளைக் கண்டித்ததற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஆனால் காபிப் பழம் பறிக்கும் காலம் வந்தபோது, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, ஆயாம்மாவும் சில நாள் பறிக்கப் போனார். அந்த நாட்களில் மூத்தவள் பள்ளிக்கு வரவில்லை. டிசம்பர், ஜனவரியில் மட்டும் 13 நாள். வருகைப் பதிவேட்டில் அது 'உடல்நலமின்மை' என்றே போயிருக்கிறது. உண்மையான காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை.

ஒப்பிட ஒரு பையன்

அதே 2023 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஒருவன் 2018 ஜூலை 27-ல் பிறந்தவன். நம் பெண்ணை விட எட்டு நாள் மூத்தவன், அதனால் தகுதி உண்டு. வகுப்பில் வயதில் அவன்தான் கடைசி. வகுப்பிலேயே மூத்த பிள்ளைக்கும் அவனுக்கும் ஏறக்குறைய பதினொரு மாத வித்தியாசம். ஐந்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

முதல் பருவம் முழுக்க அவன் பென்சிலை முஷ்டியால் பிடித்தான். சோம்பல் இல்லை அது. அந்த வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் எல்லாம் இன்னும் உருவாகி முடியவே இல்லை. பதினொரு மணிக்குத் தூங்கிவிடுவான். ஆசிரியை குறிப்பேட்டில் 'கவனம் குறைவு' என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டு அவன் பிறந்த தேதியை எழுதினேன்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சேர்க்கைக் கோடு டிசம்பர் 31. அங்கே பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், டிசம்பரில் பிறந்து வகுப்பில் கடைசியாக இருந்த பையன்கள், அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவர்களை விட 30 சதவீதம் அதிகமாகக் 'கவனக் குறைவு, துறுதுறுப்பு' என்ற நோய்ப் பெயரைப் பெற்றிருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 70 சதவீதம். கோடு டிசம்பரில் இருந்தால் டிசம்பர்ப் பிள்ளை, ஜூலையில் இருந்தால் ஜூலைப் பிள்ளை. கோட்டை நகர்த்தினால் கடைசி ஆளின் மாதம் மாறும். கடைசியில் ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

எங்கள் பையன் இரண்டாம் வகுப்பிலும் தமிழில் அரும்பு என்ற முதல் நிலையிலேயே பாதி ஆண்டைக் கழித்தான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பதால் அவனை யாரும் பின்வரிசைக்குத் தள்ளவில்லை. மூன்றாம் வகுப்பில் இப்போது சேர்ந்து வாசிக்கிறான். அவன் ஓராண்டு காத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? இருக்கலாம். ஆனால் அவன் வீட்டருகில் பால்வாடியே கிடையாது, காத்திருப்பது என்றால் தோட்டத்தில் அம்மாவின் பக்கத்தில் சாக்கு விரித்துத் தூங்குவதுதான். இரண்டு பிள்ளைகளை வைத்து விதி எழுத முடியாது. அவர்களைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

விளைவு

ஆகஸ்ட் 1 கணக்கில் 60. மூன்றாவது பணியிடம் உபரி. அந்த ஆசிரியர் வேறு ஒன்றியத்துக்கு மாறிப் போனார். அடுத்த ஆண்டு அதே நாளில் எண்ணிக்கை 58 தான். இந்தப் பெண்ணை எப்படியாவது சேர்த்திருந்தாலும் பணியிடம் ஓராண்டுக்கு மேல் தாங்கியிருக்காது. இது பின்னால் தெரிந்த கணக்கு, முடிவெடுத்தபோது தெரியாது. அதனால் இதைக் காட்டி என் முடிவை நான் சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

2024 ஜூன் 10-ல் பள்ளி திறந்தது. சின்னவள் முதல் நாளே வந்தாள், ஐந்து வயது பத்து மாதம். அம்மா நான் கொடுத்த சீட்டையும் கொண்டுவந்திருந்தார், அது தேவையே இல்லை என்றாலும். அக்கா ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் காலைச் சாப்பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அழவில்லை, பென்சில் பிடித்தாள், பெயர் சொன்னாள். செப்டம்பருக்குள் எழுத்துகளை முடித்துவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இதை வெற்றி என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் மூன்றாம் பருவத்தில் அவளுக்குச் சலிப்பு வந்துவிட்டதையும் எழுத வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் முந்திப் போகிற பிள்ளைக்குக் கொடுக்க எங்களிடம் வேறு வேலை இல்லை. பக்கத்து வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைத்தோம்.

அக்கா 2025-ல் ஐந்து முடித்து, நடுநிலைப் பள்ளிக்கு எதிர்த்திசையில் போகிறாள். நான்காம் வகுப்பில் அவள் விட்ட கணக்குப் பாடங்கள், பின்னமும் வகுத்தலும், ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவளைத் துரத்தின. நான்கு நாள் குறைந்தது தங்கைக்கு. வயதுக் கோட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பெண்தான் அதை அடைத்தாள்.

மாற்றிச் செய்வது

தேதியைத் திருத்த மறுத்ததை மாற்ற மாட்டேன். ஆகஸ்ட் 4-ல் பிறந்தவளை ஜூன் வகுப்பில் சேர்க்காததையும், இன்றைய விதி இருக்கிறவரை, மாற்ற மாட்டேன். சும்மா உட்காரட்டும் என்பதைப் பற்றித்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பத்து நாள் உட்கார வைத்துவிட்டு நிறுத்தியது இரண்டுக்கும் நடுவான தப்பு: அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்து, பால்வாடியையும் குழப்பி, கடைசியில் எதுவும் மிச்சமில்லை. ஒன்று முதல் நாளே முடியாது என்று சொல்லி மாற்று ஏற்பாட்டைத் தேடியிருக்க வேண்டும். இல்லை, மேலாண்மைக் குழுவில் பேசி, உணவுக்கும் பொறுப்புக்கும் வழி செய்து, ஆண்டு முழுக்க உட்கார வைத்திருக்க வேண்டும்.

தாமதமாக வருகிற பிள்ளையை வாசலில் நிற்க வைப்பதை விட்டுவிட்டேன். காரணம் கேட்பதைத் தனியாக, உட்கார வைத்துக் கேட்கிறேன். பெரும்பாலும் காரணத்துக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருக்கிறது.

பால்வாடிப் பதிவேட்டை இப்போது ஜனவரியிலேயே வாங்கிப் பார்க்கிறோம், ஏப்ரல் வரை காத்திருப்பதில்லை. ஜூன், ஜூலையில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவர்கள் மறுபக்கம் என்று ஒரு தாள். முதல் பக்கத்தில் இருப்பவர்களின் பெற்றோரிடம், 'இவன் வகுப்பில் கடைசி ஆளாக இருப்பான், மெதுவாக இருந்தால் பயப்படாதீர்கள்' என்று முன்னமே சொல்லிவிடுகிறோம். மறுபக்கத்தில் இருப்பவர்களிடம் காத்திருக்கும் ஆண்டில் என்ன செய்வதென்று பேசுகிறோம். அந்தத் தாளில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: காலையில் பிள்ளையை யார் கொண்டுவந்து விடுகிறார்கள்.

வரும் ஆண்டுத் தாளில் மறுபக்கத்தில் இரண்டு பேர். ஒருத்திக்கு 'தாத்தா' என்று எழுதியாயிற்று. இன்னொருவன் ஆகஸ்ட் 1-ல் பிறந்தவன், கோட்டுக்கு ஒரே ஒரு நாள் அப்பால். அவன் அண்ணன் எங்களிடம் நான்காம் வகுப்பு. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.